லைட்ஹவுஸிலிருந்து மூன்றாவது பெஞ்சு வரை

பாம்பன்
15.09.2024, ஞாயிறு

அன்புள்ள பூஷணி அவர்களுக்கு,

நாகேந்திரன் எழுதுவது. முதலில் ஓர் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது உங்கள் காதுக்கு வந்தால் கை, கால், வால் எல்லாம் முளைத்து வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் மூன்றாவது பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டு, "இங்கன உக்காருங்க, காத்து நல்லா வரும்" என்று சொல்லியிருக்கிறேன். பெஞ்சில் யாரும் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் போனதிலிருந்து மலிகா கடை வடை சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிவிட்டதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியும் இருக்கிறேன். மதுரையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு கல்லூரிப் பெண் அதைப் பின்னால் நின்று படம் பிடித்து, 'பெஞ்சோடு பேசும் பெரியவர்' என்று போட்டுவிட்டாள். நாற்பத்து மூவாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். பெஞ்சோடு பேசியதைக்கூட விடுங்கள். பெரியவராம்! மீசைக்கு மை அடித்து முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை.

நயினார்கோவிலில் இருக்கும் பூமயில் அக்கா வரைக்கும் அது போய்விட்டது. உடனே போன்.

"ஏலே, உன்னயப் பேய் புடிச்சிருக்கா, பொம்பள புடிச்சிருக்கா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"பேய்தான்க்கா" என்றேன்.

"அப்பாடா" என்று போனை வைத்துவிட்டாள்.

நீங்கள் ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் முடிந்துவிட்டது. உங்கள் பழைய நம்பரைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். இத்தனை தடவை கூப்பிட்டதில் அவளுக்கே என்மேல் இரக்கம் வந்திருக்கும். கடைசியில் மண்டபம் அகதி முகாமில் உங்கள் பக்கத்து வீட்டுத் தக்சிகாவிடம் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன்.

நான் இன்னும் அதே வேலைதான். வனத்துறை நடைபாதையில் தினக்கூலி வழிகாட்டி. லைட்ஹவுஸ் வாசலில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, கடலோரமாகப் பறவைக் காப்பக வேலி வரைக்கும் கூட்டிப்போய், பறவை காட்டி, சிரிக்கவைத்துத் திருப்பி அனுப்புகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி ஆனால் கால் தானாக மலிகா கடைப் பக்கம் திரும்பிவிடுகிறது. நீங்கள் கடைசி ஈடு வடையை எடுத்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவி முந்தானையில் துடைத்தபடி வருவீர்கள். ஆறு மணிக்குள் முகாம் கேட்டில் கையெழுத்து. அதற்கு ஐந்து இருபது பஸ். அந்த பஸ்ஸைப் பிடிக்க மூன்றாவது பெஞ்சோடு திரும்பியாக வேண்டும். ஏழு பெஞ்சு உள்ள பாதையில் இரண்டு வருஷம் நாலு மாசம் மூன்றாவதைத் தாண்டாதவர்கள் உலகத்திலேயே நாம் இருவர்தான்.

ஒரே ஒரு குறை. அதைச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்களே, அது நியாயமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உங்கள் அப்பா இரத்தினவேல் அய்யாவைக் கேட்டதாகச் சொல்லவும். போன் நம்பர் இருந்தால் அனுப்பவும்.

இப்படிக்கு,
பெரியவர் (நாற்பத்து மூவாயிரம் பேர் சாட்சி)


முருங்கன்
மன்னார்
06.10.2024

அன்பின் நாகேந்திரன் அவர்களுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. தபால்காரர் இந்திய முத்திரையைப் பார்த்துவிட்டு, "இந்தியாக்காரியின்ர வீடு இதுதானே?" என்று படலையைத் திறந்துகொண்டு கேட்டார். பதின்மூன்று வயதில் படகேறி அங்கே வந்து முப்பத்து நாலு வருஷம் சிலோன்காரியாக இருந்தேன். இங்கே இந்தியாக்காரி ஆவதற்கு நாலு மாதம் போதுமாக இருந்தது.

அண்ணன் வீட்டில்தான் இருக்கிறோம். அப்பாவின் காணி காடு பற்றிக் கிடக்கிறது. தினமும் காலையில் தடியை ஊன்றிக்கொண்டு போய், எல்லைக்கல் இருந்த இடத்தைத் தேடுகிறார். இன்னும் ஒரு கல்லும் கிடைக்கவில்லை. ஆனாலும் வந்து நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாக நித்திரை கொள்கிறார். அது எனக்குப் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன் நம்பர் அனுப்ப மாட்டேன். இருப்பது அண்ணன் மகன் கஜனின் போன் ஒன்றுதான் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் நீங்கள். போனில் நீங்கள் என்னைச் சிரிக்கப்பண்ணிவிட்டு, நான் சிரிக்கிற சந்தடியில் தப்பிவிடுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது. சிரித்து முடிந்த பிறகும் எழுத்து அங்கேயே இருக்கும். ஆனபடியால் கடிதமே எழுதுங்கள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் சொல்லித்தந்த பறவைகளின் பெயரெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். இங்கே குளக்கரைக்குப் பறவை பார்க்க ஓர் ஆசிரியர் வருகிறவர். அவரிடம் பெருமையாகக் காட்டினேன். 'மாமியார் உள்ளான்' என்று ஒரு பறவை உலகத்தில் இல்லையாம். 'சம்பளக் கொக்கு'ம் இல்லையாம். ஐம்பத்தாறு பெயரில் ஒன்பதுதான் மெய்யாம். அவர் முன்னால் நான் நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சொல்லாமல் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். நன்றாக யோசித்துப் பாருங்கள்.

குணபூஷணி


பாம்பன்
27.10.2024, ஞாயிறு

அன்புள்ள பூஷணி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. ஒன்பது மெய் என்றாரா? எனக்கு ஏழுதான் தெரியும். மீதி இரண்டு எப்படிப் பொருந்தியது என்று அந்த ஆசிரியரிடம் கேட்டு எழுதவும்.

உள்ளதைச் சொல்கிறேன். முதல் ஞாயிறு நீங்கள் ஒரு பறவையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டீர்கள். வனத்துறை கொடுத்த புத்தகம் வீட்டில் இருந்தது. நான் நயினார்கோவில் பக்கத்து மிளகாய்க் காட்டில் வளர்ந்தவன். எனக்குக் காக்காய் தெரியும், கோழி தெரியும், மயில் தெரியும். மயிலை எங்கள் ஊரில் யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள், கல்லெடுத்து எறிவார்கள். வழிகாட்டி என்று சட்டையில் எழுதிப் போட்டிருக்கும்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது? மணலில் கிறீச் கிறீச்சென்று திட்டிக்கொண்டே ஓடியது. மாமியார் உள்ளான் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. அடுத்த வாரம் சரியான பெயரைப் படித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் சரியான பெயருக்கு நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று பயம்.

ஊர்ச் செய்தி: மலிகா கடை வாசலில் செல்ஃபி எடுக்க ஒரு மரச் சிறகு செய்து வைத்திருக்கிறாள். யார் வேண்டுமானாலும் முன்னால் நின்று பறவை ஆகலாம். லைட்ஹவுஸ் காவலுக்கு இருக்கும் கூத்தையா அண்ணன் முதல் ஆளாக நின்று எடுத்து, வாட்சப்பில் வைத்து, வீட்டில் திட்டு வாங்கினார்.

நீங்கள் போன பிறகு ஒருநாள் ஏழாவது பெஞ்சு வரைக்கும் போனேன். தனியாக. அங்கே என்ன இருக்கிறது என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள், பூநாரைக் கூட்டம் நிற்கிறது, கடலே ரோஸ் கலராக இருக்கும் என்று நானும் அளந்திருக்கிறேன். ஒன்றுமில்லை. வேலி, சேறு, ஒரு ஒற்றைச் செருப்பு. திரும்பி வரும்போதுதான் மூன்றாவது பெஞ்சு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. லைட்ஹவுஸிலிருந்து வெறும் எண்ணூறு அடி. நமக்கு அதற்கே முக்கால் மணி நேரம் ஆகும்.

யோசித்துப் பார்க்கச் சொன்னீர்கள். யோசித்தேன். நீங்கள் முகாமில் பேர் கொடுக்கப்போவதாக ஒரு தடவை சொன்னீர்கள், அது ஞாபகம் இருக்கிறது. ஆனால் முடிவு செய்துவிட்டுச் சொன்ன மாதிரிதான் எனக்குப் பட்டது. பெற்ற தகப்பன் தன் மண்ணில் கண்ணை மூட ஆசைப்படுகிறார், அதைத் தடுக்க இந்த நாகேந்திரன் யார்? பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டேன். அதற்கு எனக்கு ஒரு சால்வை போர்த்தியிருக்க வேண்டும்.

நாகேந்திரன்


முருங்கன்
24.11.2024

அன்பின் நாகேந்திரன் அவர்களுக்கு,

ஒரு கிழமையாக மழை. வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறோம். இல்லாவிட்டால் இவ்வளவு எழுத எனக்கு நேரம் கிடைத்திராது.

பெருந்தன்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஞாயிறு என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

மார்ச் மூன்றாம் திகதி. அன்று நான் வடைக்கு உப்புப் போட மறந்து மலிகாவிடம் ஏச்சு வாங்கியது உங்களுக்கும் தெரியும். திரும்பிப்போக அப்பா பேர் கொடுத்துவிட்டார். குடும்பத்தில் மற்றவர் நான் ஒருத்தி. அடுத்தநாள் திங்கட்கிழமை நான் கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது வர விருப்பமில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அப்பாவைப் பார்க்க அண்ணன் குடும்பம் அங்கே இருந்தது. நான் இல்லாமலும் அவர் போகலாம். அதையும் உங்களுக்குச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் இருந்துகொண்டு நான் கேட்டது இதுதான்:

"நாளைக்குக் கையெழுத்து வைக்க வேணும். வைக்கட்டோ, விடட்டோ?"

நீங்கள் எழும்பி, பெஞ்சுக்குப் பக்கத்தில் வனத்துறை நட்டிருந்த பலகையைக் காட்டினீர்கள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. வலசைப் பறவைகளைத் தடுக்கவோ தொந்தரவு செய்யவோ கூடாது. மீறுனா என்னயப் புடிச்சு உள்ள வச்சிருவாய்ங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்களை இல்லை, என்னை.

நான் வலசை வந்தவள் இல்லை, நாகேந்திரன். குளிர் தாங்காமல் பறந்து வரவில்லை. எங்கள் அம்மாவை வழியில் விட்டுவிட்டு ஓடி வந்தவள்.

திங்கட்கிழமை கையெழுத்து வைத்தேன். அதற்குப் பிறகு பதின்மூன்று ஞாயிறு மலிகா கடைக்கு வேலைக்கு வந்தேன். பதின்மூன்று ஞாயிறும் உங்களோடு நடக்க வராமல் நாலரை பஸ்ஸிலேயே திரும்பினேன். ஏன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. பஸ் புறப்படும்போது தூர நின்று கண்டக்டரைப் போல "ரைட், ரைட்" என்று கத்துவீர்கள். பஸ்ஸில் எல்லாரும் சிரிப்பார்கள்.

எங்களுக்கு நாள் குறித்தது ஜூன் பத்து. அதை உங்களுக்குச் சொல்லச்சொல்லி மலிகாவிடம் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்றாள். நீங்கள் "ஓ, அப்படியா" என்றீர்களாம். பிறகு டீ கேட்டீர்களாம்.

சொல்லாமல் போகவில்லை.

குணபூஷணி


பாம்பன்
15.12.2024, ஞாயிறு

பூஷணி அவர்களுக்கு,

பிழை ஒன்றுமில்லை. திருத்துவதற்கும் ஒன்றுமில்லை. டீயைக்கூட நான் குடிக்கவில்லை. ஆறிப்போய் மலிகா ஊற்றிவிட்டாள்.

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். எழுதியதெல்லாம் வேடிக்கையாக, பகிடியாக வந்து விழுகிறது (இந்தச் சொல் உங்களிடம் பிடித்தது). கை அந்தப் பக்கமே போகிறது. முடிந்தவரை பிடித்து இழுத்து எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எண்பத்தாறு கிலோ. பெண்டாட்டி செத்துப் பதினோரு வருஷம். இந்த உலகத்தில் நான் பயப்படுகிற ஆள் ஒன்றே ஒன்று, பூமயில் அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். முகாமில் ஒரு பொம்பளையோடு எனக்குப் பழக்கம் என்று யாராவது சொன்னால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சொன்னவனைத்தான் முதலில் அடிப்பாள். அப்புறம் என்னை.

உங்களுக்குத் தெரியாத விஷயம்: அக்காவிடம் கேட்கவென்றே மூன்று தடவை ஊருக்குப் போனேன். முதல் தடவை தீபாவளிக்கு மறுநாள். வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "அக்கா, ஒரு பொண்ணு இருக்கு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் "எந்த ஊருங்க?" என்று கேட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும், "வாடா, மெலிஞ்சு போயிட்டியே" என்று கறிக்குழம்பை ஊற்றினாள். மூன்று தடவை சோறு வாங்கித் தின்றேன். தின்றுவிட்டு எப்படிக் கேட்பது? படுத்துத் தூங்கிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் தடவை பொங்கல். நாட்டுக்கோழி. மூன்றாம் தடவை அவளே கேட்டாள்.

"என்னடா, மூஞ்சிய மூஞ்சியப் பாக்குற? என்ன வேணும்?"

"கொஞ்சம் ரசம்" என்றேன்.

இதைப் படித்துச் சிரிக்காதீர்கள். சிரித்தாலும் சரி. அந்த மார்ச் மூன்றாம் தேதிக்கு முந்தின ஞாயிறுதான் அந்த ரசம். நீங்கள் "வைக்கட்டோ, விடட்டோ" என்று கேட்டபோது "விடுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். விடுங்க என்று சொன்னால் அப்புறம் என்ன? எங்கே வைத்துக்கொள்வது, அக்காவிடம் என்ன சொல்வது, முகாம் பதிவை என்ன செய்வது, இத்தனையும் அந்த ஒரு நொடியில் வந்து நின்றது. பலகை கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

போன வாரம் ராமநாதபுரம் போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தேன். "சிரிக்காதீங்க சார், ரிஜெக்ட் ஆயிரும்" என்றார் போட்டோக்காரர். நான் சிரிக்கவில்லை, என் மூஞ்சியே அப்படித்தான் என்றேன். நாலு தடவை எடுத்தார். ஒருவழியாக வாயை மூடி, கன்னத்தை இறக்கி ஒன்று வந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். யாரென்று எனக்கே தெரியவில்லை, பூஷணி. ரொம்ப நாளாக அழாத ஆள் மாதிரி இருந்தார்.

நான் வரட்டுமா?

நாகேந்திரன்


முருங்கன்
05.01.2025

அன்பின் நாகேந்திரன்,

ரசத்துக்குச் சிரித்தேன். போட்டோவுக்கு அழுதேன். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத உங்களால்தான் முடியும்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மறைத்து வைத்தால் அது உங்கள் வேலையை நான் செய்தது போல் ஆகிவிடும்.

யோகேஸ்வரன் என்று ஒருவர், நான் எழுதினேனே, குளக்கரைக்கு வருகிற ஆசிரியர். மனைவி இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். போன மாதம் அப்பாவின் காணியில் காடு வெட்ட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, தானும் நின்று வெட்டினார். அப்பா தேடிய எல்லைக்கல் ஒன்றை அவர்தான் கண்டெடுத்தார். அதற்குப் பிறகு அப்பாவிடம் என்னைக் கேட்டார். அப்பாவுக்குச் சம்மதம். தை முடிவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

அவர் நல்ல மனுஷன். பகிடி வராது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவார். ஒருநாள் ஒரு பறவையைக் காட்டிக் கேட்டேன். "எனக்குத் தெரியாது, வீட்டை போய்ப் புத்தகத்திலை பார்த்துச் சொல்லுறன்" என்றார். அடுத்தநாள் சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் மெய்.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்கு விளங்கும்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஜூன் பத்தாம் திகதி என்று உங்களுக்குத் தெரியும். மலிகா சொல்லியிருந்தாள். எங்களை வழியனுப்ப முகாம் வாசலில் அரைவாசி மண்டபமே நின்றது. தேத்தண்ணிக் கடைக்காரர், பஸ் கண்டக்டர், எனக்கு முகம் தெரியாதவர்கள்கூட. நீங்கள் வரவில்லை. அன்று காலை எங்கே இருந்தீர்கள்?

உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் பகிடியாக இருக்கட்டும். இது ஒன்றுக்கு மட்டும் உண்மை வேண்டும். என்ன எழுதினாலும் நான் கோபிக்க மாட்டேன். பயந்து போய் எங்கேயோ ஒளிந்திருந்தேன் என்று எழுதினாலும் சரி. பயந்த மனுஷனோடு என்னால் வாழ முடியும். முப்பத்து நாலு வருஷம் நானும் பயந்துதான் வாழ்ந்தேன்.

உண்மை வந்தால், அது எதுவாக இருந்தாலும், வாருங்கள் என்று எழுதுவேன்.

பூஷணி


பாம்பன்
19.01.2025, ஞாயிறு

அன்புள்ள பூஷணி,

உங்கள் கடிதத்தை நேற்றிலிருந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இன்று கூட்டிப்போன ஆட்களிடம் ஒரு பறவைக்கும் பெயர் சொல்லவில்லை. பாதி வழியில் ஒருவர், "ஏங்க, கைடு ஊமையா?" என்று மலிகாவிடம் விசாரித்திருக்கிறார்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் பத்து, திங்கட்கிழமை. முதல் நாள் ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. காலை ஏழு மணிக்கெல்லாம் குளித்து, நீங்கள் ஒருநாள் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். முகாம் வாசலுக்கு வருவதாகத்தான் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டேன். அத்தனை பேர் முன்னால் வந்து நின்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். ஏதாவது சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்துவிடுவேன். நீங்கள் வேனில் ஏறும்போது ரைட் ரைட் என்று கத்தினாலும் கத்திவிடுவேன். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

திரும்பி லைட்ஹவுஸுக்கு நடந்தேன். கூத்தையா அண்ணனிடம் சாவியை வாங்கினேன். "லீவு நாள்ல என்னடா மேல வேல?" என்றார். பதில் சொல்லாமல் ஏறினேன். படியை எண்ணவில்லை, மூச்சு எண்ண விடவில்லை. உச்சியில் வெளி வளையத்தில் போய் நின்றபோது மணி ஒன்பது இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றேன். காற்று ஆளைத் தூக்கியது. பாலம், அதற்கு அந்தப் பக்கம் மண்டபம், தென்னை மரங்கள், ரோடு ஒரு கோடு மாதிரி. பத்து மணி சுமாருக்கு அந்தக் கோட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி கிளம்பியது. உங்கள் வேன். எனக்குத் தெரியும், அதுதான். உச்சிப்புளி பக்கம் திரும்பி மெல்லப் போனது. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து வீசினேன். உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்துதான் வீசினேன். கை வலிக்கிற வரைக்கும் வீசினேன்.

கீழேயிருந்து கூத்தையா அண்ணன் கத்தினார். "ஏலே, மேல என்ன துணி காயப்போடுறியா? எறங்கி வாடா!"

அப்போதுதான் அழுதேன். எதிர்க்காற்று. கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் காதுக்குள் போனது. பெண்டாட்டி செத்தபோதுகூட அப்படி அழவில்லை. புள்ளி மறைந்த பிறகும் இறங்கவில்லை. வெயில் ஏறி, கம்பி சுட்டு, கையை எடுக்கிற வரைக்கும் நின்றேன்.

உங்களை வழியனுப்ப வாசலில் அத்தனை பேர் நின்றார்கள். ஆனால் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான்.

இதில் ஒரு வரிகூடப் பகிடி இல்லை, பூஷணி. யோகேஸ்வரன் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம். பங்குனிக்குள் பாஸ்போர்ட் வந்துவிடும். வந்த மறுநாள் அக்காவிடம் வெறும் வயிற்றோடு போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

உங்கள்
நாகேந்திரன்


முருங்கன்
09.02.2025

அன்பின் நாகேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள். இவ்வளவு அழகான கடிதம் எனக்கு ஒருவரும் எழுதியதில்லை. இனி எழுதப்போவதும் இல்லை. அப்பாவுக்குக் கண் மங்கல் என்பதால் நான்தான் வாசித்துக் காட்டினேன். துண்டு வீசிய இடத்தில் அவர் அழுதுவிட்டார். "பாவமடி அந்தப் பெடியன்" என்றார். நீங்கள் ஐம்பத்திரண்டு வயதில் பெடியன் ஆகிவிட்டீர்கள். பெரியவர் என்றதற்கு அது ஈடாகட்டும்.

யோகேஸ்வரனிடம் நேற்றுச் சம்மதம் சொன்னேன். பங்குனியில் கோயிலில் வைத்து, சின்ன அளவில். அவரிடம் உங்களைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறேன். கொப்பியில் உள்ள நாற்பத்தேழு பொய்ப் பெயர்களையும் அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

பாஸ்போர்ட் வந்தால் எங்கேயாவது போய்விட்டு வாருங்கள். அக்காவிடம் பயப்படாதீர்கள். அவ உங்களைத் தின்னமாட்டா.

மலிகாவோடு கோபிக்க வேண்டாம். ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்ல வேண்டாமென்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஊர்க்கதை முழுவதையும் சொல்லுகிறவள், இதை மட்டும் காப்பாற்றியிருக்கிறாள்.

ஜூன் பத்தாம் திகதி எங்கள் வான் பத்து மணிக்குப் புறப்படவில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் புறப்பட்டது. பத்து மணிக்கு நான் முகாமில் இல்லை. ஒன்பது மணிக்கே ஓட்டோ பிடித்துப் பாலம் கடந்து வந்து, லைட்ஹவுஸ் வாசலில் நின்றேன். கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி கூத்தையா அண்ணனின் இடுப்பில் இருந்தது. அவர் எனக்கு ஒரு கதிரை போட்டுத் தந்தார், அவரிடமும் அதே சத்தியம்தான். நீங்கள் சனிக்கிழமையே அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாக மலிகா சொன்னாள். அப்படியும் பத்தே முக்கால் வரை இருந்தேன்.

அப்பாவிடம், மலிகாவின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். பையில் இருந்தது என் உடுப்பு.

குணபூஷணி